ஆடிட்டுக்காக நான் அழகாகக் கட்டிய கேபிள்

வாயைவிட எனக்குக் கைதான் முந்தும். ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் பராமரிப்பு இன்ஜினியராக இருந்தேன். அன்று காலையில் மட்டும் தகடு அடிக்கும் பிரஸ் ஏழு தடவை நின்றது. ஒரு சென்சார் வழியாக அதன் அடிகளை எண்ணும் லினக்ஸ் கம்ப்யூட்டர் உறைந்துபோகும், உடனே பிரஸ்ஸும் நின்றுவிடும். ஏழாவது தடவை பேனலை எட்டி உதைத்தேன்.

"சென்சார்ல கைய வெச்சியாடா?" என்று ஆபரேட்டரிடம் கத்தினேன். ராயக்கோட்டையிலிருந்து வரும் கான்ட்ராக்ட் ஆள், என் வயதுதான்.

"நான் தொடவேயில்ல சார். பக்கத்துல வெல்டிங் போட்டாதான் நிக்குது. நேத்தே சொன்னேனே."

எனக்கே பாடம் எடுக்கிறானா? பளாரென்று ஓர் அறை விட்டேன். ஹெல்மெட் தெறித்து உருண்டது. லைனில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். மேனேஜர் ஓடிவந்தார். என்ன ஏது என்று விசாரிக்காமலேயே அவன் கழுத்திலிருந்த அடையாளக் கார்டைப் பிடுங்கி என் கையில் திணித்து, அவனை கேட்டுக்கு வெளியே தள்ளச் சொன்னார். இப்படிக் கார்டு போன ஆளை இந்தத் தொழிற்பேட்டையில் வேறெந்தக் கான்ட்ராக்டரும் எடுக்கமாட்டான்.

பிறகுதான் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. தட்டத் தட்ட எழுத்து ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தது. சென்சார் கம்ப்யூட்டரைக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் ஓர் இன்டரப்ட். கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அது ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். யார் எத்தனை தடவை கூப்பிட்டார்கள் என்ற பட்டியலை ஒரு விநாடி இடைவெளியில் இரண்டு முறை எடுத்தேன். பிரஸ் சென்சார் வரி மட்டும் ஆயிரக்கணக்கில் எகிறியிருந்தது. பிரஸ்ஸோ அசையாமல் நின்றது! சென்சார் கேபிளைப் பிடுங்கினேன். எண் அப்படியே நின்றது. திரும்பச் செருகினேன். பக்கத்தில் வெல்டிங் பொறி பறக்கும்போதெல்லாம் எண் எகிறியது.

கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். வெல்டிங் கேபிளோடு சேர்த்து இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. வெல்டிங் மின்சாரத்தின் தாக்கம் இதில் ஏறி, சென்சாரே கூப்பிடுவதுபோலக் கம்ப்யூட்டரை ஏமாற்றியிருக்கிறது. போன வாரம் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்த ஆடிட்டுக்காக, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நானே கட்டியது. கைதட்டல்கூட வாங்கினேன், நாசமாய்ப் போக.

மேனேஜரிடம் சொன்னேன்.

"அவன்தான் போயிட்டானே, விடுப்பா. கேபிள் கெட்டுப்போச்சுன்னு எழுதிடு. உன் பேரு எதுக்குக் கெடணும்?"

ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு என்மேலேயே வந்த ஆத்திரத்தில் அவர் மேஜையில் ஓங்கிக் குத்தினேன். தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். "கூட்டிட்டு வந்து தொலை" என்றார்.

கன்னம் வீங்கி கேட்டோரம் நின்றிருந்தான். "தப்பு என்னுது. உள்ள வா" என்றேன்.

"இங்க வேணாம் சார். அடிச்ச எடத்துல வந்து சொல்லுங்க."

பிரஸ் பக்கத்தில், அத்தனை பேர் முன்னால் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவன் அறை பளாரென்று விழுந்தது. என் கண்ணாடி தெறித்தது, காது கொய்யென்றது. யாரும் தடுக்கவில்லை. நானும் கையைத் தூக்கவில்லை.

"இப்பக் கார்டு குடுங்க சார்" என்று கையை நீட்டினான். கொடுத்தேன்.