துணியில நான் பூசின துரு

பைப்புல துரு தண்ணி வருதான்னு தெரியணும்னா, டேப்பு வாயில ஒரு வெள்ளத்துணிய கட்டி, லேசா சொட்ட விட்டு வெக்கணும். சாயங்காலம் கட்டினா, காலையில தெரிஞ்சிடும். துணி செவந்திருந்தா இரும்பு பைப்பு உள்ள அரிச்சிடுச்சு, மாத்தணும். வெள்ளையாவே இருந்தா பைப்பு மேல தப்பு இல்ல. இத எனக்கு சொல்லிக் குடுத்தது என் மாமா, அம்மாவோட தம்பி. கிரிவலம் ரோட்டுல இருக்கற லாட்ஜுங்களுக்கு அவருதான் பைப்பு வேல பாத்தாரு.

அப்ப நான் மூணாவது படிக்கறேன். அம்மா குளிச்சிட்டு வந்தப்பறம் பாத்ரூமுக்கு போனா, தண்ணி போற ஓட்டையாண்ட செவப்பா தேங்கி நிக்கும். என்னாம்மா இதுன்னு கேட்டேன். "துரு தண்ணி. பைப்பு பழசாயிடுச்சு. யாருகிட்டயும் சொல்லாத, அப்பாவுக்கு வீண் செலவு"ன்னு சொல்லிட்டு, ஒரு வாளி தண்ணிய ஊத்தி தள்ளிடுச்சு.

நான் சும்மா இருக்கறவளா? மாமா வந்த அன்னைக்கே சொல்லிட்டேன்.

மாமா பாத்ரூம் டேப்ப தொறந்து பாத்தாரு. தண்ணி நல்லாத்தான் வந்துச்சு. "எங்கடி செவப்பு? பொய்க்காரி."

"நெசமா மாமா!"

"சரி, துணி கட்டறேன். காலையில வெள்ளையா இருக்கட்டும், உன் ஸ்கூல் வாசல்ல நின்னு பொய்க்காரி பொய்க்காரின்னு கத்தறேன்."

அடுப்பாண்ட இருந்த அம்மா, "அது ஒளர்றத கேட்டுக்கினு... வேற வேல இல்லயாடா உனக்கு?"ன்னுச்சு. மாமா சிரிச்சுக்கினே கட்டிட்டு, ராத்திரி எங்க வீட்டுலயே படுத்துக்கினாரு.

காலையில எழுந்ததும் ஓடிப் போயி பாத்தேன். துணி வெள்ள வெளேர்னு இருந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. மாமா சொன்னா செய்யற ஆளு. தோட்டத்துல ஓட்ட இரும்பு வாளி ஒண்ணு கெடந்துச்சு. அதோட அடியில இருந்த துருவ நகத்தால சுரண்டி, தண்ணியில கொழச்சு, துணியில பூசிட்டேன்.

மாமா எழுந்து வந்து துணிய அவுத்து அம்மாகிட்ட காட்டினாரு. "அக்கா, பாப்பா சொன்னது கரெக்ட்டுதான். பைப்பு பூரா போச்சு."

அம்மா எல்லாருக்கும் முன்னாடி குளிச்சிடும். துணி வெள்ளையா இருந்தத அது பாத்திருக்கும். இப்ப செவந்த துணிய பாத்துச்சு. அப்பறம் என் வெரல பாத்துச்சு. "ஆமாடா, துருதான். மாத்திடு"ன்னுச்சு.

மாமா தண்ணிய நிறுத்தற கேட் வால்வ மூடிட்டு, ரெண்டு நாள்ல இரும்பெல்லாம் புடுங்கி பிளாஸ்டிக் பைப்பு போட்டாரு. அம்மா தெனமும் பிளீச்சிங் பவுடர் போட்டு தேய்ச்சு தேய்ச்சு தரையே வெளுத்துப் போச்சு. மாமா வரப்பெல்லாம் எட்டிப் பாத்து, "ஒரு சொட்டு கற இருக்குதா? அதான் என் வேல"ன்னு பெருமயடிச்சுக்குவாரு.

அது அம்மாவோட ரத்தம். மாசக்கணக்கா போயிக்கினே இருந்திருக்கு. வெக்கப்பட்டுக்கினு யாருகிட்டயும் சொல்லல. அடுத்த வருஷம் மயக்கம் போட்டு விழுந்தப்பதான் வேலூருக்கு இட்டுக்கினு போனாங்க. கர்ப்பப்பையில கேன்சரு, ரொம்ப லேட்டுன்னு சொல்லிட்டாங்க. நாலே மாசம். நான் அஞ்சாவதோட நின்னு அடுப்பு பாத்துக்கினேன்.

இப்ப எனக்கு இருவது வயசு ஆவுது. துணி வெள்ளையாவே இருந்திருந்தா மாமா கேட்டிருப்பாரு, அப்ப செவப்பு எங்கேந்துக்கா வருதுன்னு. கூடப் பொறந்த தம்பி கேட்டா அம்மா சொல்லியிருக்கும். சொல்லியிருக்காதோ? தெரியல. அந்த ஒரு கேள்விய கேக்க விடாம பண்ணிட்டேன். மாமாகிட்ட இத இன்னும் சொல்லல. எப்படி சொல்றது?

அன்னைக்கு மாமா பைப்பு வாங்க கடைக்கு போனதும், அம்மா என்ன பாத்ரூமுக்கு இழுத்துக்கினு போயி, சோப்பு போட்டு ஒவ்வொரு நகமா கழுவி விட்டுச்சு. ஒரு வார்த்த திட்டல. கழுவி முடிச்சும் கைய விடவே இல்ல, புடிச்சுக்கினே குந்தியிருந்துச்சு. மாமாகிட்ட மாட்டிக்காம அம்மா என்ன காப்பாத்திடுச்சுன்னு எனக்கு ஒரே சந்தோஷம். வெளிய பசங்க கூப்பிட்டாங்க. கைய உருவிக்கினு வெளையாட ஓடிட்டேன்.