பொத்தான் வைத்த கொம்பு

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது என் மாமாவின் முன்பல்லை உடைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் செய்தது நான்தான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. உத்திரமேரூரில் ஒரு பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதினார். முகூர்த்தம் இல்லாத நாட்களில் கொத்து வேலைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது டிரம்பெட்டும் கூடவே வரும். அதைத் தனியாக விட்டுவிட்டு வர அவருக்கு மனசு வராது.

அப்பாவுக்கோ அவரைச் சீண்டாமல் சோறு இறங்காது. அன்றைக்கும் கை கழுவியதும் ஆரம்பித்தார்.

"இன்னாதான் ஊதிக்கினாலும் இது வெள்ளக்காரன் சாமான்டா. நம்முளுது மேளமும் நாயனமும்தான்."

மாமா அப்பாவையும் மாமா என்றுதான் கூப்பிடுவார். "இன்னா மாமா இப்டி சொல்ட்ட? அந்தக் காலத்துல நம்ம புள்ளலூர்ல ராஜாங்க சண்ட போட்டாங்களே, சும்மா கைய தட்டிக்கினா போனாங்க? கொம்பு ஊதிக்கினுதான் போயிருப்பாங்க. அந்தக் கொம்போட பேரப்புள்ளதான் இது."

சொன்னதோடு நிற்கவில்லை. பம்புசெட்டில் கிடந்த பழைய ஓஸ் பைப்பில் இரண்டு முழம் வெட்டி எடுத்து வந்தார். ஒரு முனையில் மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைச் செருகினார். மறுமுனையில் டிரம்பெட்டில் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸைக் கழற்றி மாட்டி, உதட்டை இறுக்கி ஊதினார். பக்கத்து வீட்டு மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. நிஜமான கொம்புச் சத்தம்.

"ஆதியில இவ்ளோதான் மாமா. வெறுங்கொயலு. நாலஞ்சு சத்தந்தான் வரும்." அந்த நாலைந்தையும் ஊதிக் காட்டினார். பிறகு பைப்பை வளைத்தார். "நீட்டா இருந்தா தூக்கிக்கினு நடக்க முடியாதுன்னு மடிச்சானுங்க. மடிச்சும் அதே நாலஞ்சு சத்தந்தான். ரொம்ப காலம் கயிச்சுதான் இந்த மூணு பொத்தான வெச்சானுங்க. அமுக்கினா காத்து சுத்திக்கினு போவும். சுத்து ஏறினா சத்தம் எறங்கும். வெள்ளக்காரன் வெச்சது பொத்தான்தான். மத்தது எல்லார் ஊட்டுதும்."

அப்பா வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார். அவர் தோற்றால் அப்படித்தான்.

மவுத்பீஸ் மறுபடி டிரம்பெட்டுக்குப் போனது. மாமா முக்காலியில் உட்கார்ந்து, பொத்தான்களை அமுக்கி அமுக்கி, பைப்பில் வராத சத்தங்களையெல்லாம் வரவழைத்தார். எனக்கு அந்தப் பொத்தான்களை நானே அமுக்கிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை, எதிரிலிருந்து பாய்ந்தேன். என் தலை டிரம்பெட்டின் அகன்ற வாயில் இடித்தது. மவுத்பீஸ் அவர் பல்லில் இடித்தது.

மாமா வாயைப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கில் ரத்தம். மேல்வரிசை முன்பல்லில் பாதி தரையில் கிடந்தது. அவர் முதலில் டிரம்பெட்டைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள்.

"வுடுக்கா, கொயந்த. பல்லுதானே, இன்னும் எவ்ளோ கீது" என்றார் மாமா. அந்த ஓட்டைப் பல்லோடு அவர் பேசியதைப் பார்த்து அப்பா சிரித்துவிட்டார். மாமாவும் சிரித்தார். எல்லோரும் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

காஞ்சிபுரத்தில் பல் டாக்டர் உடைந்த பல்லுக்கு உறை போட்டார். பார்க்கப் பழைய பல் மாதிரியே இருந்தது. ஆனால் ஊதுகிறவருக்கு உதட்டின் பின்னால் சுவர் போல நிற்பது முன்பல்தான் என்பதும், உறையால் அது மயிரிழை மாறினாலும் உதடு பழகிய இடம் தவறி மேல்சத்தங்கள் நிற்காது என்பதும் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டு மாதம் காலையில் கிணற்றடியில் நின்று ஊதிப் பார்த்தாராம். பாதிக்குமேல் வெறும் காற்று.

அந்த வருஷம் பெருநகர் என்கிற பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் மாமாவின் டிரம்பெட்டை வேறு ஒருவர் ஊதிக்கொண்டு போனார். மாமா கடைசி வரிசையில் வந்தார். மார்பை மறைக்கிற அளவுக்குப் பெரிய டிரம்மை மாட்டிக்கொண்டு, பஞ்சு சுற்றிய கோலால் அடித்துக்கொண்டு நடந்தார். செட்டிலேயே பெரிய வாத்தியம் அதுதான். கூட வந்த பிள்ளைகளிடம் எங்கள் மாமா என்று காட்டிவிட்டு அவர் பக்கத்தில் ஓடினேன்.

"மாமா, உனக்குத்தான் எல்லாத்தவிட பெருசு குடுத்துக்கீறாங்க" என்றேன்.

மாமா முன்னால் போகிற வரிசையைப் பார்த்துக்கொண்டே ஓர் அடி அடித்தார்.

"ஆமா கண்ணு" என்றார்.

அன்று முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.