படகில் கேட்ட கெட்டிமேளம்

மாலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டவை, துறையில் கம்பி கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருந்த ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள். படகு அவற்றுக்குப் பின்னால் நின்றது. தட்டையான தளம், தகரக் கூரை, கூரையைச் சுற்றி சீரியல் பல்புகள். இன்னும் இருட்டவில்லை என்றாலும் பல்புகளை எரியவிட்டிருந்தார்கள்.

இடம், சீர்காழிக்குக் கிழக்கே ஆறு கடலைத் தொடும் இடத்தில் உள்ள ஒரு தங்கும் விடுதி. சில ஆண்டுகளுக்கு முன், பொங்கல் முடிந்த வாரம். வரும் வழியெல்லாம் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. சாலையில் பாதியை நெல் காயப்போட எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நான், அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அந்தப் படகுக்குப் போனேன். மாலையில் கிளம்பி ஆற்றில் ஒரு சுற்று, நாகஸ்வரம், பாட்டு, கடைசியில் படகிலேயே சாப்பாடு. வெளியூர்க்காரர்களுக்கான ஏற்பாடு அது.

"நம்ம ஆத்துல நாமளே டூரிஸ்ட்டா?" என்று அம்மா காரில் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"நீ நீச்சல் தெரியாத டூரிஸ்ட்டு. அங்க போனதும் ஜாக்கெட்ட ஒழுங்கா மாட்டிக்க," என்றார் அப்பா.

அப்பா பேசுவது கொஞ்சம். அந்த ஒரு வருடமாக அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கியிருந்தன. காபி டம்ளரைப் பாதிதான் நிரப்பிக் கொடுப்போம். மாத்திரை சாப்பிட்டால் குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குறைந்தபாடில்லை. சட்டைப் பொத்தான் போட அம்மா போனால் மட்டும் கையைத் தட்டிவிடுவார்.

அவர்களுடைய கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அம்மா திருத்துறைப்பூண்டி அருகே ஒரு கிராமத்தில், நிலபுலன் இருந்த இந்துக் குடும்பம். இருவரும் ஒரே அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். ஒரு வாரநாளில் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். சாட்சிக் கையெழுத்து போட்டவர்கள் அலுவலக நண்பர்கள். முடிந்ததும் எல்லோரும் எதிர் ஓட்டலில் ரவா தோசை சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். இரண்டு வீட்டிலிருந்தும் அன்று யாரும் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

தாலி அன்று கிடையாது. அப்பாவுக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆறேழு மாதம் கழித்து, பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண்கள் கேட்கும் கேள்வி தாங்காமல் அம்மா ஒருநாள் அழுதுவிட்டாள். அப்பா கடைவீதிக்குப் போய்ச் சங்கிலியில் கோத்த சின்னத் தாலி ஒன்றை வாங்கிவந்து கையில் கொடுத்தார்.

"போட்டுக்க. இனிமே யாரும் கேக்க மாட்டாங்க."

அம்மா உள்ளே போய், பீரோக் கண்ணாடி முன்னால் நின்று தானே போட்டுக்கொண்டாள். இதை அவள் எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். எப்போதும் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வாள்.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், ஐயர் கையைத் தூக்கி "கெட்டிமேளம்" என்று சொல்லும் நேரம் நெருங்கியதும் அம்மா எழுந்துவிடுவாள். "பந்திக்கு எடம் புடிக்கறேன், வந்துடுங்க." மண்டபம் முழுக்க எழுந்து அட்சதை போடும்போது, காலியான சாப்பாட்டுக் கூடத்தில் வாழை இலைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பாள். எங்களுக்கு எப்போதும் முதல் பந்தி கிடைக்கும். சொந்தக்காரர் என்று எங்களுக்கு யாருமில்லை, அலுவலகத்து மனிதர்கள்தான். அவர்கள் அம்மாவைப் பசி தாங்காதவள் என்று கேலி செய்வார்கள். அவளும் ஆமாம் என்பாள்.

படகில் எங்களுக்குப் பக்கத்து மேசையில் கூத்தாநல்லூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. மலேசியாவிலிருந்து வந்த மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்த அந்த அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. முக்காட்டை அடிக்கடி சரிசெய்துகொண்டு, படகு நகர்வதற்குள் அம்மாவிடம் ஊர், பிள்ளைகள், சர்க்கரை இருக்கிறதா என்பது வரை விசாரித்து முடித்துவிட்டார்.

படகு கிளம்பியது. கரையோரம் அலையாத்திச் செடிகளில் கொக்குகள் அடைந்துகொண்டிருந்தன. முன்பக்கம் ஒரு சின்ன மேடை. அதில் நாகஸ்வரக்காரர் ஒருவர், தவில்காரர் ஒருவர். இருவருக்கும் பட்டு அங்கவஸ்திரம். அதன் மேல் ஆரஞ்சு ஜாக்கெட். தவில்காரருக்கு ஜாக்கெட் இடித்தது. வாசிப்பை நிறுத்தி அதன் வாரைத் தளர்த்திக்கொண்டு மறுபடி வாசித்தார். அம்மா தாளம் போட்டாள். அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு அகலமாகும் ஓரிடத்தில் எஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டார்கள். சாப்பிடும் நேரம் ஜாக்கெட்டைக் கழற்றிக்கொள்ளலாம் என்று மைக்கில் சொன்னார்கள். எல்லோரும் கழற்றினார்கள். அம்மாவும் கழற்றினாள். வாரில் சங்கிலி மாட்டியிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

சின்னச் சத்தம்கூடக் கேட்கவில்லை. சங்கிலி தோளிலிருந்து வழுக்கி இறங்கியதைத்தான் பார்த்தேன். அம்மா படகின் விளிம்புக் கம்பியை ஒட்டி நின்றிருந்தாள். ஒரு முனை கம்பிக்கு வெளியே தொங்கியது. கீழே கறுப்புத் தண்ணீர்.

"என்னங்க! புடிங்க!"

அப்பா பாய்ந்து அந்த முனையைப் பிடித்துவிட்டார். தாலி அம்மாவின் கைக்குள் இருந்தது. கொக்கி வாயைப் பிளந்திருந்தது.

"கழட்டிப் பையில வெச்சுக்கம்மா, காலைல பாத்துக்கலாம்," என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவேயில்லை. அப்பாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"போட்டு விடுங்க."

"கொண்டா, பாப்பா போடுவா. எனக்குக் கை..." அப்பா என்னைக் காட்டினார்.

"பாப்பா வேணாம். நானே போட்டுக்கிட்டது ஒரு தடவ போதும். நீங்கதான் போடணும்."

அதை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பக்கத்து மேசைக்குக் கேட்டது. அப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவள் பின்னால் போய் நின்றார். இரண்டு முனைகளையும் பின்கழுத்துக்குக் கொண்டுவந்தார். அம்மா தலையைக் குனிந்தாள்.

அப்போதுதான் அது நடந்தது. நாகஸ்வரத்தில் மெதுவான ஒரு பாட்டு போய்க்கொண்டிருந்தது. தவில்காரர் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குனிந்த தலை, பின்கழுத்தில் ஆண்பிள்ளையின் கை, நடுவில் மஞ்சளாக மின்னும் தாலி. அவருடைய கை தன் போக்கில் எழுந்தது. தவில் இடியாக இறங்கியது. கெட்டிமேளம்.

நாகஸ்வரக்காரர் திடுக்கிட்டுத் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். வாசித்துக்கொண்டிருந்த பாட்டை அந்த இடத்திலேயே போட்டுவிட்டு அவரும் சேர்ந்துகொண்டார்.

படகில் இருந்த முக்கால்வாசிப் பேர் தமிழர்கள். அந்தச் சத்தம் கேட்டால் இவர்களுக்கு உட்கார்ந்திருக்கத் தெரியாது. நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்டன. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மேசை மேல் கிண்ணத் தண்ணீரில் மிதந்த பூவிதழ்களை அள்ளி யாரோ போட்டார்கள். கையில் வேறொன்றும் இல்லாத ஒருவர் நொறுக்கிய அப்பளத்தைப் போட்டார். ஒரு வெளிநாட்டுத் தம்பதி மற்றவர்களைப் பார்த்துத் தாங்களும் எழுந்து நின்று கைகூப்பினார்கள்.

கல்யாணத்தில் கெட்டிமேளம் ஒரு நிமிடம் இருக்குமா? தாலி முடிச்சு விழும் வரைதான். ஆனால் ஆரம்பித்தால் முடிச்சு விழுமுன் நிறுத்தக்கூடாது. இங்கே முடிச்சு விழவில்லை. அப்பாவின் விரல்கள் நடுங்கின. கொக்கி வளையத்தைத் தொடும், நழுவும். மறுபடி தொடும், நழுவும். தவில்காரரின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. கண்களை அப்பாவின் விரல்களிலிருந்து எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தார். நாகஸ்வரக்காரரின் கன்னம் உப்பியது இறங்கவில்லை.

மைக்கில் இருந்தவர், "ஐயா, அவசரமில்ல, மெதுவா கட்டுங்க," என்று சொல்லப்போக, சிலர் சிரித்தார்கள். அப்பாவின் காது சிவந்துவிட்டது. கையைக் கீழே போட்டுவிடுவார் என்று நினைத்தேன். சட்டைப் பொத்தான் விஷயத்தில் அப்படித்தான் செய்வார். பாதியில் விட்டுவிட்டு வேறு சட்டை தேடுவார். நான் ஓரடி முன்னால் வைத்தேன். அம்மா குனிந்த தலையைக் கொஞ்சம் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நின்றுவிட்டேன்.

பக்கத்து மேசை அம்மா எழுந்து வந்தார். அப்பாவின் கைக்குள் எட்டிப் பார்த்தார்.

"கொக்கி கோணிப்போச்சுண்ணே. அது ஆவாது." மேளச் சத்தத்தில் கத்தித்தான் சொன்னார். திரும்பித் தன் மருமகளின் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தின் முனையைப் பிடித்து இழுத்து, பூவை உதிர்த்து, வாழைநாரைப் பல்லால் கடித்து எடுத்தார். சங்கிலியின் இரண்டு வளையத்துக்குள்ளும் தானே நாரைக் கோத்து, முனைகளை அப்பாவின் விரலில் வைத்தார்.

"இப்ப கட்டுங்க. தாலின்னா கட்டணும்ணே, யாராச்சும் மாட்டுவாங்களா?"

கொக்கியில் முடியாதது நாரில் முடிந்தது. ஈர நார் விரலில் ஒட்டிக்கொண்டது. அப்பா ஒரு முறை சுற்றினார், உள்ளே விட்டார், இழுத்தார். முடிச்சு விழுந்தது. இன்னொரு முடிச்சுப் போட அவர் நாரைத் தேடும்போது அந்த அம்மா அவர் கையைத் தள்ளிவிட்டார்.

"போதும், கைய எடுங்க. மத்த ரெண்டும் நாத்தனா வேல."

இரண்டு முடிச்சையும் அவரே போட்டார். இறுக்கிப் பார்த்துவிட்டு, மேடைப் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். மேளம் நின்றது. அதன் பிறகு கரைப்பக்கமிருந்து பூச்சிகளின் சத்தம் கேட்டது. ஜெனரேட்டர் ஓடுவது கேட்டது.

அம்மா நிமிர்ந்தாள். அழவில்லை. பின்கழுத்தில் கைவைத்து நாரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, "உங்களுக்கு எப்படி..." என்று ஆரம்பித்தாள்.

"எங்கள்ல கருகமணிய மாப்புள கட்ட மாட்டாரு. மொத்தமும் நாத்தனாதான் கட்டணும். மூணு தம்பிக்குக் கட்டியிருக்கேன். இது ரெண்டே முடிச்சு, நோகாம முடிஞ்சுது."

தவில்காரர் மேடையிலிருந்து இறங்கி வந்து அப்பாவிடம் கைகூப்பினார். "மன்னிச்சுக்குங்க சார். கை தானா போயிடுச்சு. முப்பது வருஷமா மணவறையையே பாத்து அடிச்சவன். ஒரு ஆளு கழுத்துக்குப் பின்னாடி கைய கொண்டு போனா எனக்கு அடிச்சாவணும்."

"நல்லவேள, பஸ்ஸுல நீங்க தவில் கொண்டு வரதில்ல," என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாக இருந்த கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார். பிறகு அம்மாவிடம், "கடைசில மாட்டிக்கிட்டேன்," என்றார்.

"இத்தன வருஷம் என்ன வெளியிலயா இருந்தீங்க?"

சாப்பாட்டு மேசைக்கு எல்லோரும் போய்விட்டார்கள். அம்மா மட்டும் நகரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி நின்றாள். தோளில் ஒரு பூவிதழும் கொஞ்சம் அப்பளத்தூளும் இருந்தன. நான் தட்டிவிடப் போனேன். "இருக்கட்டும்டி," என்றாள். நாங்கள் போனபோது மீன் வறுவல் தீர்ந்துபோயிருந்தது. இடியாப்பமும் குருமாவும்தான் இருந்தன. அம்மா அதைத் தேவாமிர்தம் மாதிரி சாப்பிட்டாள்.

துறையில் இறங்கும்போது இருட்டு. அந்த அம்மா மகன் கையைப் பிடித்துக்கொண்டு பலகையில் இறங்கினார். கார் வரை போனவர் திரும்பி வந்தார்.

"வரேண்ணே. வரேன் அண்ணி. அண்ணன் கைக்கு வேப்பெண்ண போட்டுப் பாருங்க."

அம்மாவை "அண்ணி" என்று அதற்கு முன் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவரிடம் பெயரோ போன் நம்பரோ கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. கார் கிளம்பிய பிறகுதான் தோன்றியது. ரோட்டோரக் களத்தில் விளக்குப் போட்டு நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். தூசு கண்ணாடியில் படிந்தது.

நாரை அம்மா பத்திருபது நாள் அவிழ்க்கவில்லை. காய்ந்து உரசத் தொடங்கிய பிறகுதான் கொக்கியைச் சரிசெய்யக் கொடுத்தாள். கடையிலிருந்து வந்ததும் அப்பாதான் மாட்டிவிட்டார். கொஞ்சம் நேரம் எடுத்தது. அம்மா குனிந்தபடியே அடுப்பில் என்ன வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சித்திரை மாதத்தில் அப்பாவின் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம். மேளம் முழங்கியபோது அம்மா எங்களோடு நின்று அட்சதை போட்டாள். அன்று எங்களுக்குக் கிடைத்தது மூன்றாம் பந்தி.

இப்போது அப்பா இல்லை. எந்த மண்டபத்தில் கெட்டிமேளம் கேட்டாலும் எனக்கு உப்பங்காற்று அடிப்பதுபோல இருக்கும். ஒரு அந்நியர் எழுந்து வந்து, யாரையும் கேட்காமல், ஒரு குடும்பத்தில் காலியாக இருந்த இடத்தில் நின்று, வேலையை முடித்துவிட்டுத் தன் சாப்பாட்டுத் தட்டுக்குத் திரும்பிப் போனார் என்பதை நினைத்துக்கொள்வேன்.

அப்பாவுடன் பிறந்த தங்கைகள் இரண்டு பேர். அன்று மாலை இருவரும் தஞ்சாவூரில்தான் இருந்தார்கள்.