லெயோவின் தலைமாட்டு மண்

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மையீர்!

ஒரு யூதப் பெரியவரை நான் ஏமாற்றினேன். எருசலேமின் மண் என்று சொல்லி, ஹம்பேர்க் பூப்பாத்தி மண்ணை அவர் கையில் கொடுத்தேன். அம்மண் இன்று அவர் தலையின் கீழ்க் கிடக்கிறது.

நான் யாழ்ப்பாணத்துச் சைவன். ஹம்பேர்க்கில் யூத முதியோர் கூடும் மண்டபமொன்றைப் பராமரித்து வந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் அவர்கள் கூட்டமாக எருசலேம் புறப்பட்டபோது, லெயோ என்னும் பெரியவரின் சக்கர நாற்காலியைத் தள்ளுவதற்கு என்னையும் அழைத்துச் சென்றார்கள்.

அந்த நாட்கள்... எவ்வாறு சொல்வேன்! பேருந்து மலையேறி நகரம் தென்பட்டதும், ஹம்பேர்க்கில் ஓயாது மூட்டுவலியை முறையிடும் மூதாட்டியர் கைதட்டிப் பாடினார்கள். அந்தி வெயிலில் கல்வீடுகள் தேன்நிறம் கொண்டன. எள் தூவிய ரொட்டியைப் பிய்த்து, பெரிய பாதியை லெயோ எனக்கே தருவார்.

“உனக்குத் தெய்வங்கள் எத்தனை?” என்று ஒருநாள் கேட்டார்.

“எண்ணிப் பார்த்ததில்லை, ஐயா.”

“கொடுத்து வைத்தவன்! எனக்கு ஒருவர்தான். எல்லாவற்றுக்கும் அவரையே தொந்தரவு செய்ய வேண்டியிருக்கிறது.”

சிரித்த சிரிப்பில் நாற்காலியை நடைபாதையிலிருந்து இறக்கிவிட்டேன்!

வெளிநாட்டில் இறக்கும் யூதர் பலர், தம் தலையின் கீழ் எருசலேமின் மண் சிறிது வேண்டுமென விரும்புவர். ஒலிவ மலைச் சரிவிலுள்ள கல்லறைகளுக்கு நடுவிலிருந்து அதை எடுத்து வரும்படி லெயோ என்னிடம் துணிப்பையொன்றைத் தந்தார். சரிவில் நாற்காலி இறங்காது.

“என் அம்மாவைக் கொன்ற நாட்டில்தான் என்னைப் புதைப்பார்கள். தலைக்கடியிலாவது இந்த மண் இருக்கட்டும்.”

நான் குனிந்து அள்ளியதைப் பேருந்துச் சன்னல் வழியே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். “என் கை நடுங்கும். ஊர் சேரும்வரை நீயே வைத்திரு” என்றார்.

அன்று மாலை ஹம்பேர்க்கிலிருந்த என் மனைவிக்குத் தொலைபேசியில் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

“சுடலை மண்ணோ! உங்களுக்கென்ன விசரே? மகள் பிள்ளைத்தாச்சி எல்லே!”

“அது அந்த மனுசன்ர மண்ணப்பா. வந்தவுடன குடுத்திடுவன்.”

“அதோட வாசல்படி மிதிக்கக்கூடாது. சொல்லிப்போட்டன்!”

அப்போதே லெயோவிடம் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் உயிராய் மதித்த மண்ணைத் தீட்டு என்று எந்த வாயால் சொல்வேன்? விடுதி மரத்தடியில் கொட்டினேன். பையையும் கழுவினேன்! நாளை வேறிடத்தில் அள்ளலாம் என்று எண்ணினேன். மறுநாள் விடியுமுன்பே பேருந்து நேரே விமான நிலையத்துக்குச் சென்றுவிட்டது.

ஊர் திரும்பிய பின் மண்டபத்தில் அவர் பையைக் கேட்டார். நான் பின்புறம் சென்று, ரோசாச் செடியடியில் அள்ளி நிரப்பினேன்.

அவர் அதை முகர்ந்தார். “மழை மணக்கிறதே... அங்கே மழை பெய்திருந்ததா?”

“ஓம் ஐயா, முந்தின இரவு சற்றே தூறியது” என்றேன்.

எத்தகைய மகிழ்ச்சி அந்த முகத்தில்!

குளிர்காலத்தில் அவர் மறைந்தார். அம்மண்ணைத் தலையின் கீழ்ப் பரப்பி அடக்கம் செய்தார்கள். அவருடைய மகன் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, “அப்பா நிம்மதியாகப் போனார்” என்றார். யூதர் கல்லறையை மறுபடி தோண்டுவதில்லை. இனி எருசலேமையே அள்ளி வந்தாலும் பயனில்லை.

எங்கள் பேத்தி நலமாகப் பிறந்தாள். “பாத்தியளே, நான் சொன்னதாலதான்” என்கிறாள் மனைவி. குழந்தை என் மார்பில் உறங்கும்போது நானும் அதை நம்பிவிடுகிறேன். நம்பிய அக்கணமே லெயோ நினைவுக்கு வந்துவிடுகிறார். அந்த மண்ணால் இவளுக்கு என்ன தீங்கு வந்திருக்கும்? அது இல்லாமல் அவர் எப்படிக் கிடக்கிறார்?

அவருடைய மகன் இன்றும் தெருவில் கண்டால் என்னைத் தழுவிக்கொள்கிறார். அவரிடம் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை, வருமென்றும் தோன்றவில்லை.

என்னை மன்னிக்கும்படி கேட்கமாட்டேன். முகமறியாத ஒருவரிடமாவது உண்மை இருக்கட்டும்; இவ்வெழுத்தை எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.