தும்மலைத் தடவி இறக்கியவள்

செல்லத்துக்குக் கை கனம் என்று தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள். சுளுக்கு, பிடிப்பு என்று போனால் கத்தவைத்துத்தான் அனுப்புவாள். அந்தக் கைதான் பின்னாளில் போர்டிக்சன் சாலை ரப்பர் தோட்டங்களில் பேர் வாங்கியது. மாசி, பங்குனியில் மூக்கும் கண்ணும் ஒழுகுகிறவர்கள் அவளைத் தேடி வந்தார்கள். கனத்தைக் குறைக்க வைத்தது ஜப்பான்காரனின் லாரி.

அவள் புருஷன் அமிர்தலிங்கம் தங்கமான மனுஷன், மூக்கு மட்டும் மோசம். ரப்பர் இலை கொட்டி, துளிர்விட்டு, பூ வைத்தால் தும்மல் ஆரம்பிக்கும். ஒன்று இரண்டு இல்லை, அடுக்காக இருபது. மூன்றாவது லயத்தில் தும்மினால் ரப்பர் பால் நிறுக்கிற கொட்டாயில் கேட்கும். பிள்ளைகள் எண்ணிச் சிரிப்பார்கள்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் யாரும் சிரிக்கவில்லை. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். முதல் லாரியில் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. மழை மண்ணை அரிக்காமலிருக்க மர வரிசைகளுக்கு நடுவே வெட்டிய குழிகள் உண்டு. லாரி வரும்போது அதில் படுத்துச் சருகை இழுத்துப் போட்டுக்கொண்டால் ஆள் தெரியாது. ஆனால் சருகோடு பூவும் கொட்டிக் கிடக்கிறதே! இந்த மனுஷன் அங்கே படுத்தால் தும்முவான், தும்மினால் போனான்.

வலித்தால்தான் விடும் என்பது தோட்டத்துச் சட்டம். அப்படியே செல்லம் அவன் மூக்குத்தண்டையும் கன்னத்தையும் கழுத்தையும் அழுத்தி அழுத்திப் பிசைந்தாள். முகம் வீங்கி மூச்சே அடைத்துக்கொண்டது. அழுதேவிட்டாள்.

மறுநாள் ரப்பர் மரம் சீவும்போதுதான் உறைத்தது. கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், பட்டை முண்டு கட்டிவிடும், அங்கே பால் வராது. மெல்லச் சீவினால் பால் தானாக மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் இறங்கும். பன்னிரண்டு வருஷமாக மரத்திடம் காட்டுகிற நயத்தைக் கட்டினவனிடம் காட்டவில்லையே மடச்சி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் எண்ணெய்கூடத் தொடவில்லை. காறை எலும்புக்கு மேலே விரலை வைத்துத் தோலை மட்டும் அசைத்தாள். பிறகு மூக்கோரத்திலிருந்து காதுக்கு, காதுக்குப் பின்னாலிருந்து கழுத்து வழியாகக் கீழே. இது தடவுவதா, ஈ ஓட்டுவதா என்று அவன் கேலி செய்தான். அரை மணியில் மூக்கு திறந்தது. தினமும் இரண்டு வேளை தடவினாள்; பத்து நாளில் இருபது தும்மல் இரண்டாயிற்று. உயிரைக் குடிக்க ஒன்றே போதும் என்று அவளுக்குத் தெரியும்.

பதினோராம் நாள் காலை லாரி வந்தது. இருவரும் ஓடிப்போய்க் குழியில் விழுந்து சருகை இழுத்துக்கொண்டார்கள். பூட்ஸ் சத்தம் நெருங்கியது. அவன் கண் நிறைந்தது, மூக்கு விடைத்தது, வாய் திறந்தது. செல்லம் காதோரம் விரலை வைத்தாள். காதிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து காறைக்கு. குழியோரத்தில் இரண்டு பேர் நின்று பேசினார்கள், ஒருவன் சருகில் காறித் துப்பினான். அவள் கை நிற்கவில்லை. சிரம்பான் பக்கம் லாரி உறுமிக்கொண்டு போகும்வரை இருவரும் எழவில்லை.

அன்றைக்கு அந்தத் தோட்டத்திலிருந்து ஆறு பேரைக் கொண்டுபோனார்கள். பாவம்தான். ஆனாலும் செல்லத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதை அவள் யாரிடமும் மறைத்ததுமில்லை. சருகைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"இப்பத் தும்முங்க. ஆசை தீரத் தும்முங்க," என்றாள்.

அமிர்தலிங்கம் மூக்கைச் சுளித்தான், வானத்தைப் பார்த்தான், ரப்பர் பூ ஒரு கொத்தை எடுத்து முகர்ந்தும் பார்த்தான்.

"வரமாட்டேங்குது புள்ள," என்றான்.