தலைக்கவசத்துக்குள் மாம்பழ ஜூஸ்

கணவரை நிறுத்தச் சொல்வதா, கைதட்டுவதா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடக்கும் கண்காட்சியில் அவர் அந்தக்கால வீரர் போல தலைமுதல் கால்வரை இரும்புக் கவசம் மாட்டி, முனை மழுங்கிய வாளால் போட்டிச் சண்டை போடுகிறார். நாலு வீச்சிலேயே தோள் தொங்குகிறது. சுற்று முடிந்து வேலியில் சாய்கிறார். உள்ளே மூச்சு இரைப்பது எனக்குக் கேட்கிறது.

"தம்பி, அந்தத் தலைக்கவசத்தைக் கழற்றுங்க!" என்கிறேன், அவருக்குக் கவசம் மாட்டிவிட்ட மதுரைக்காரரிடம்.

"கனம் ஒண்ணும் பண்ணாதுக்கா. விட்ட மூச்சே திரும்ப முகத்துல அடிக்குது, அதான். குடிக்க ஏதாச்சும் குடுங்க," என்கிறார் மதுரைக்காரர்.

மகளின் மாம்பழ ஜூஸ் ஸ்ட்ராவை வாய்ப்பக்கத் துளையில் நுழைக்கிறேன். ஒரே உறிஞ்சு, டப்பா காலி.

"அப்பா, அது என்னோடது!"

"இன்னொரு ரவுண்டும்மா," என்கிறது இரும்பு.

அடுத்த வெள்ளியும் வருவாராம். விடலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். அதுவரை கைப்பையில் ஜூஸ் இரண்டாக வைக்கிறேன்.