முதலாளி பூக்கேட்டு எடுத்த முடிவு

எங்கள் முதலாளி முடிவெடுக்கும் திறமையைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் எனக்கு வெற்றிலை எச்சில்தான் ஞாபகத்துக்கு வரும். அவர் முடிவெடுக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். வெற்றிலை மென்றுகொண்டேதான் யோசிப்பார். மேஜைக்கடியில் துப்புவதற்கென்று மணல் போட்ட பால்பவுடர் டின் ஒன்று இருக்கும். விஷயம் பெரிதாக இருந்தால் சாயங்காலத்துக்குள் டின் பாதி நிறைந்துவிடும். அதைக் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவும் வேலை மடிப்பு செக்‌ஷன் பெண்களுடையது. முறை வைத்துக் கழுவினோம். ஆகவே அவருடைய யோசனைகளின் எடை எவ்வளவு என்று மற்றவர்களைவிட எனக்கு நன்றாகவே தெரியும்.

அறுபதுகளின் நடுவில் மண்ணரை என்ற ஊரில் இருந்தது அந்தப் பனியன் கம்பெனி. பரம்பரைத் தோட்டத்தில் பாதியை விற்று நான்கு நிட்டிங் மெஷின் வாங்கிப் போட்டவர் முதலாளி. அந்தத் துணிச்சலை நான் குறை சொல்ல மாட்டேன். கிணற்றையும் வயலையும் விட்டுவிட்டு நூலை நம்புவது லேசுப்பட்ட காரியமல்ல. நான் கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷம் மடிப்பில் சேர்ந்தேன். தைத்து வந்த பனியனை அட்டை வைத்து மடித்து, தேய்த்து, பெட்டியில் அடுக்க வேண்டும். பத்துப் பனியனை நான் மடித்து அடுக்கினால் எது முதல், எது கடைசி என்று யாராலும் சொல்ல முடியாது. அதில் எனக்குக் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம்தான் என்னைக் கெடுத்தது.

முதலாளி யாரையும் அதட்டிப் பேசியதில்லை. எங்கள் பக்கத்து மரியாதையைத் தேனில் குழைத்துத் தருவார். புது மெஷின் வாங்கலாமா, வேலை நேரத்தை மாற்றலாமா என்று எதுவானாலும் எல்லோரையும் முற்றத்தில் கூட்டி வைத்து, "ஏனுங்க, உங்க யோசனை என்னங்க? மனசுல பட்டதைச் சொல்லுங்க சாமி" என்று ஒவ்வொருவராகக் கேட்பார். நாங்களும் ஆரம்பத்தில் பூரித்துப்போனோம். ஒரு முறை கட்டிங் மாஸ்டர் எழுந்து, மலிவு நூலில் துணி சுருங்குகிறது, பழைய நூலே நல்லது என்றார். "ரொம்ப நல்ல யோசனைங்க" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார் முதலாளி. அடுத்த வாரம் கட்டிங் மாஸ்டர் வேலையில் இல்லை. முதலாளியே வாசல்வரை கூடப் போய், வெற்றிலைத் தட்டு கொடுத்து, "நம்ம ஊடு மாதிரி நெனச்சு எப்ப வேணும்னாலும் வந்துட்டுப் போங்க" என்று அனுப்பிவைத்தார். மலிவு நூல் வந்தது. அதன் பிறகு யோசனை கேட்கும்போதெல்லாம் நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க பாத்துச் செஞ்சாச் சரிங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டோம். எதிர்ப்பவன் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் யோசனையே கேட்டார்.

தரையைப் பார்க்காத ஒருத்தி இருந்தாள். மடிப்புக்கு மேஸ்திரியாக இருந்த அக்கா. முதல் நான்கு மெஷின் ஓடிய நாளிலிருந்து அங்கே இருப்பவள். எனக்கு மடிக்கக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். நெசவுக்காரக் குடும்பம். முருகன் என்றால் உயிர். மாதம் தவறாமல் கிருத்திகைக்கு மலைக்கோயிலுக்குப் படியேறிப் போய்விட்டு வருவாள். இழுப்பு நோய் உள்ளவள். நாலு படி ஏறுவாள், நின்று மூச்சு வாங்குவாள், மறுபடி நாலு படி ஏறுவாள். "இந்த மூச்சு அவன் கொடுத்தது. அவனைப் பாக்கறதுக்கு செலவு பண்ணாம வேற எதுக்குப் பண்ணறது?" என்பாள்.

துணியை வெளுப்பதற்கு அப்போதெல்லாம் வீரபாண்டிப் பக்கம் ஒரு சலவைப் பட்டறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். வண்டியில் போய் வண்டியில் வர நாளாகும். அதனால் முதலாளி சொந்தமாகவே சலவைத் தொட்டி கட்ட நினைத்தார். இடம், எங்கள் மடிப்புக் கொட்டகையை ஒட்டிய பின்கட்டு. நடுவில் தட்டி மறைப்பு மட்டும்தான். வழக்கம்போல முற்றத்தில் கூட்டினார். வழக்கம்போல எல்லோரும் தரையைப் பார்த்தோம். அக்கா எழுந்தாள்.

"முதலாளி, அந்த வெளுப்புப் பவுடர் நெடி பக்கத்துல வந்துச்சுன்னா என்னால மூச்சு உட முடியாதுங்க. வேற பக்கம் கட்டுங்க. இல்லீன்னா நான் நிக்க முடியாதுங்க."

அவளுக்கு வெற்றிலைத் தட்டு கொடுப்பது சுலபமில்லை. அவள் போனால் மடிப்புப் பெண்கள் அத்தனை பேரும் பின்னாலேயே போய்விடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் மென்றார். பிறகு சொன்னார்: "நீங்க சொல்றதும் நாயம், நான் சொல்றதும் நாயமுங்க. நம்ம ரெண்டு பேத்துக்கும் மேல ஒருத்தன் இருக்கறானல்லங்க? பூக் கேட்டுப் பாத்துருவோம். அவன் உத்தரவு கொடுத்தாக் கட்டறேன். இல்லீன்னா உட்டர்றேன்."

கல்யாணம், கிணறு வெட்டுவது, நிலம் வாங்குவது என எதற்கும் எங்கள் பக்கம் சாமியிடம் பூக் கேட்போம். ஒரு பொட்டணத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒன்றுபோல மடித்துச் சாமி பாதத்தில் வைத்து, பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. மாதாமாதம் தான் போய்ப் பார்க்கிறவன் தனக்குச் சாதகமாகச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வான்? "அவன் சொன்னாக் கேட்டுக்கறேனுங்க, மறு பேச்சுப் பேச மாட்டேன்" என்றாள்.

மறுநாள் காலையில் முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "பொட்டணம் மடிக்கறதுக்கு உங்க கைதான் அம்மிணி சுத்தமான கை. சாமி முன்னால கொண்டு போறது, ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் தெரியக் கூடாது பாருங்க" என்று இரண்டு துண்டுக் காகிதத்தை நகர்த்தி வைத்தார். அவற்றின் மேல் பூக்களை வைத்தார். இரண்டிலும் வெள்ளை அரளி.

நான் அவரைப் பார்த்தேன். அவர் மென்றுகொண்டிருந்தார். செய் என்று சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று சொல்லவில்லை. குனிந்து டின்னில் துப்பிவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "மடிங்க அம்மிணி, நல்ல நேரம் போகுது" என்றார். தலைமை என்றால் என்ன என்று இன்றைக்கு யாராவது என்னைக் கேட்டால் அந்த ஒரு நிமிஷத்தைத்தான் சொல்வேன். பாவத்தை அவர் தொடவே இல்லை. என் பக்கம் நகர்த்தி வைத்தார், நான் எடுத்துக்கொண்டேன்.

ஏன் மடித்தேன் என்று ஆயிரம் தடவை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரர் வேலையில்லாமல் இருந்தார், பயந்தேன் என்பது உண்மை. ஆனால் முழு உண்மை அல்ல. அக்கா போய்விட்டால் மேஸ்திரி யார் என்ற நினைப்பு அந்த நேரத்தில் எனக்கு வந்ததா என்று கேட்டால், வந்தது.

பதினைந்து பேர் மலைக்குப் போனோம். அக்கா வழக்கம்போல நின்று நின்று ஏறினாள். தானே எல்லோருக்கும் முன்னால் போய்க் கைகூப்பி நின்றாள். பூசாரி எடுத்துப் பிரித்தார். வெள்ளை. அக்காவின் கூப்பிய கை அப்படியே இருந்தது. கன்னத்தில் மட்டும் கண்ணீர் இறங்கியது. கூட வந்த ஒரு பெண்ணுக்கு மனம் ஆறவில்லை. "மீதிப் பொட்டணத்தையும் பிரிச்சுப் பாத்துருங்க பூசாரி" என்றாள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தேன். முதலாளி வாயைத் திறக்கவில்லை. அவருக்கு அந்தச் சிரமமே வரவில்லை. அக்காவே திரும்பி அவளை அதட்டினாள்: "சாமி சொன்னதுக்கப்புறம் சந்தேகமா பாக்கறே? வாய மூடு!"

படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பார்கள். முதலாளி இடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பக்தியே அவருக்குக் காவல் நின்றது. மீதிப் பொட்டணத்தை என் கையில் கொடுத்து, ஆற்றில் விட்டுவிடச் சொன்னார். விட்டுவிட்டேன்.

தொட்டி வந்தது. கண்ணெரிச்சலோடு நாங்கள் மடித்தோம். அக்கா சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு ஐந்து மாதம் தாக்குப்பிடித்தாள். ஒரு நாள் பெட்டிகளின் மேல் சாய்ந்து, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். அதற்குப் பிறகு வரவில்லை. முதலாளி அவள் வீட்டுக்கே சேலையும் தேங்காய் பழமும் அனுப்பிவைத்தார். அவள் பல்லடத்தில் தம்பி வீட்டுக்குப் போய், விசைத்தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொடுத்துக் காலம் தள்ளினாள். நான் மேஸ்திரி ஆனேன்.

கம்பெனி வளர்ந்தது. எழுபதுகளில் தொழில்காரர்கள் கூடி ஒரு மண்டபத்தில் முதலாளிக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். புதிதாகத் தொழில் தொடங்கிய இளைஞர்கள் முன்வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி மைக்கைப் பிடித்தார். "தொழிலாளிகளைக் கேக்காம நான் ஒரு முடிவும் எடுத்ததில்லீங்க. அதுலயும் பிரச்சினைன்னா ஆண்டவனைக் கேட்டுப்போட்டுத்தான் செஞ்சேன். என்ற சொந்த விருப்பம்னு ஒண்ணு இருந்ததே இல்லீங்க" என்றார். இளைஞர்கள் எழுதிக்கொண்டார்கள். பிறகு என் பக்கம் கையை நீட்டி, "அந்தா இருக்கறாங்க நம்ம மேஸ்திரியம்மா. சலவைத் தொட்டிக்குப் பூக் கேட்டப்பப் பொட்டணம் மடிச்சதே அவங்கதான். ஏனுங்க அம்மிணி, நான் சொல்றது நெசந்தானுங்களே?" என்று கேட்டார்.

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என்ன நெஞ்சழுத்தம்! இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நான் வாய் திறக்க மாட்டேன் என்று அளந்து வைத்திருந்தார். அளவு சரியாகத்தான் இருந்தது. "ஆமாங்க" என்றேன். கைதட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு போர்த்தினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பல்லடத்துக்குப் பஸ் ஏறினேன். அக்கா தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு மூலையில் ராட்டினத்தோடு உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். "வா கண்ணு, வா" என்று பக்கத்தில் இடம் ஒதுக்கினாள். தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அடிப்பாள், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துப் போயிருந்தேன்.

ராட்டினம் நின்றது. "ரெண்டும் வெள்ளையா கண்ணு?" என்றாள்.

தலையாட்டினேன்.

"அன்னிக்கு வந்தவ, அதுக்கப்புறம் நான் மலைக்கே போகலை. என்ன பாவம் பண்ணுனேன், ஏன் நீ என்னைய வேண்டாம்னு சொன்னேன்னு அவனையே கேட்டுக் கேட்டு அழுதேன். அப்பறம் திட்டுனேன். அவன் படத்தைக்கூடத் தம்பி பொண்டாட்டி கையில கொடுத்து, என்ற கண்ணுல படாம வைன்னுட்டேன். அவன் ஒண்ணுமே சொல்லலியா கண்ணு? சும்மா நின்னுட்டிருந்தவனையா இத்தனை வருசம் திட்டுனேன்?"

இருமல் வந்து பேச்சை அறுத்தது. அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் அவள் முதுகைத் தடவப் போனேன், கையை நீட்டவே கூசியது. அவள் சுவரைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"போயி அவன் கால்ல உளுந்து மன்னிச்சுக்கோ சாமின்னு ஒரு வார்த்தை சொல்லோணும்" என்றாள். "இந்த ஊட்டு வாசப்படியே என்னால ஏற முடியறதில்ல. அத்தனை படி ஏற மூச்சுக்கு நான் எங்க கண்ணு போவேன்?"

அவள் ராட்டினத்தை மறுபடி சுற்ற ஆரம்பித்தாள்.